கலயத்தைக் கழுவுதல்

லண்டனில் மருமகன் பீர் போட்டிருந்தார். காய்ச்சியிருந்தார் என்று சொல்ல முடியாது. அவர் எதையும் காய்ச்சவில்லை. கடையில் விற்கும் கிட் ஒன்றை வாங்கி வந்து, 1.7 கிலோ தகர டப்பாவிலிருந்த கருத்த பாகைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஒரு கிலோ சர்க்கரையைக் கொட்டி, 23 லிட்டர் வருமளவு தண்ணீர் விட்டு, டப்பா மூடிக்கடியில் இருந்த சின்னப் பொட்டலத்து ஈஸ்ட்டைத் தூவியிருந்தார். கூடவந்த தாளில் ஆறு நாள் போதும் என்று போட்டிருந்தது. ஆறாம் நாள் புட்டிகளில் அடைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவற்றுக்கு மூன்று வார வயது.

'குடிச்சுப் பாருங்க மாமா' என்றார்.

குடித்தேன். முதலில் பச்சை ஆப்பிளின் வாசனை. பிறகு தண்ணீர் போன்ற ஒரு வெறுமை. கடைசியில், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் துணியிலிருந்து வருகிற மருந்து நெடி. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

'கிட் சரியில்லீங்க மாமா. வேற கம்பெனி வாங்கோணும்.'

'கிட்டுல ஒண்ணும் தப்பில்லீங்க மாப்பிள்ளை. கலயத்தைச் சரியாக் கழுவலை.'

சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த வாக்கியம் என்னுடையதல்ல என்று. கலயம் என்ற சொல்லை நான் வாயால் சொல்லி முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியிருக்கும். அங்கே கலயமும் இல்லை, வெள்ளைப் பிளாஸ்டிக் வாளிதான் இருந்தது. அந்த வாக்கியம் யாருடையது என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. பீரைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த மனிதரிடம் நான் திரும்பிப் போன வழி அதுதான்.

அன்னூருக்கு வடக்கே எங்கள் தோட்டம். கிணற்றடியைச் சுற்றித் தென்னை, வேலியோரம் வரிசையாகப் பனை. மாசி பிறந்தால் மரமேற ஒருவர் வருவார். விடியற்காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. பாளையைக் கட்டி, நசுக்கி, ஒவ்வொரு வேளையும் நுனியில் ஒரு மெல்லிய சீவு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதைக் கலயத்தில் பிடித்து இறக்குவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது தெளுவு. மற்ற ஜில்லாக்காரர்கள் பதநீர் என்கிறார்கள், எங்களுக்குத் தெளுவுதான். சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற மனிதரும் ஒருவர்தான். ஒரு விரல் சுண்ணாம்பு, குழந்தைகள் குடிப்பதையும் சட்டம் தடுப்பதையும் பிரிக்கிறது.

அவரை நான் 'நீ' என்றேன். அவர் என்னை 'நீங்க' என்றார். எனக்குப் பத்து வயது, அவருக்கு ஐம்பது இருக்கும். இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுவது எனக்கு எளிதாக இருக்கிறது. காகிதத்தில் மரியாதை கொடுப்பதில் செலவு ஒன்றுமில்லை. அன்று 'ஏய், தெளுவு எறக்கீட்டயா?' என்று கத்திக்கொண்டு ஓடியவன் நான்தான் என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.

அவர் கலயம் கழுவுவதை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சாம்பலும் தென்னை நாரும் வைத்துத் தேய்ப்பார். வெந்நீர் விட்டு அலசுவார். பிறகு வெயிலில் கவிழ்த்து வைப்பார். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, வழவழப்புத் தட்டினால் மறுபடியும் சாம்பல். 'கலயந்தானுங்க மொதல்ல குடிக்குது. அது குடிச்ச மிச்சந்தான் நமக்கு. அழுக்குக் கலயத்துல புடிச்சா அழுக்கத்தான் குடிக்கோணும்' என்பார்.

கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் நான். இதைவிடச் சரியாக ஒரு மாணவனுக்கும் நான் சொன்னதில்லை.

இனிப்பான எந்தத் திரவத்தையும் திறந்து வைத்தால் அதைத் தின்ன வருகிறவை பல. ஈஸ்ட் வந்து சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். லாக்டிக் அமில பாக்டீரியா வந்து தயிர்ப் புளிப்பைத் தரும். காற்றோட்டம் இருந்தால் அசெடிக் பாக்டீரியா வந்து சாராயச் சத்தைக் காடியாக்கிவிடும். எது முந்துகிறதோ அதன் ருசி. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. கொங்கு வெயிலில் அது காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் பொங்கிவிடும், மறுநாள் காடியாகிவிடும். பாஸ்டர் பீரைப் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1876-ல். 1883-ல் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்ஸன் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு ஈஸ்ட் அணுவைப் பிரித்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்துக் காட்டினார். இன்றைய பீர் முழுக்க அந்தத் தனிமைப்படுத்தலின் மீது நிற்கிறது. வாளியைக் கழுவுவது என்பது, நாம் அழைத்த ஒருவனைத் தவிர வேறு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஆனால் கள்ளுக் கலயத்தை அவர் அப்படிக் கழுவமாட்டார். அதில் அடியில் கொஞ்சம் வண்டல் விட்டு வைப்பார். புதுக் கலயம் வந்தால், நன்றாகப் பொங்குகிற பழைய கலயத்திலிருந்து ஒரு கை வண்டலை எடுத்து அதில் தடவுவார். எந்த மரத்துக் கலயம் 'நல்ல கை' என்பது அவருக்குத் தெரியும். அங்கே தனி ஆள் இல்லை, ஒரு கூட்டம். ஆனால் அவர் பொறுக்கியெடுத்த கூட்டம். ஒரே மனிதர், ஒரே காலைப் பொழுதில், ஒரு கலயத்தில் கூட்டத்தை விரட்டியும் இன்னொன்றில் கூட்டத்தை வளர்த்தும் வேலை செய்தார். இரண்டும் வேறு வேறு சாஸ்திரங்கள் என்று எனக்குத் தெரிய எம்.எஸ்ஸி. படிக்க வேண்டியிருந்தது.

இனி லண்டன் வாளி.

மருமகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாளியைப் பிளீச்சிங் திரவத்தால் கழுவியிருக்கிறார்; ஒரு தடவைதான் அலசியிருக்கிறார். குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டிருக்கிறார். குளோரின் எங்கிருந்து வந்தாலும் சரி, அது மால்ட்டிலுள்ள பீனால்களோடு சேர்ந்தால் குளோரோபீனால் ஆகிறது. மிக நுண்ணிய அளவிலேயே நாக்கு அதைக் கண்டுகொள்ளும். கட்டுத்துணி நெடி அதுதான். பரிகாரம் சுலபம். மெட்டாபைசல்பைட் மாத்திரை என்று மது போடுகிற சாமான் கடைகளில் விற்கிறார்கள். அரை மாத்திரையை நசுக்கி மொத்தத் தண்ணீரில் கலந்துவிட்டால் சில நிமிஷங்களில் குளோரின் போய்விடும். வாளிக்குப் பிளீச்சிங் வேண்டாம். முதலில் அழுக்கைப் போக்கக் கழுவுதல், பிறகு கிருமியைப் போக்க அதற்கென்றே உள்ள திரவம். இவை இரண்டு வேலைகள். அழுக்கின்மேல் எந்த மருந்தும் நிற்காது. வாளியின் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மரைக்கிடையில் பழைய பாகு காய்ந்து கருத்திருந்தது. விரலை விட்டுத் தடவினேன். வழவழப்பு. நார் வைத்துத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் பாக்டீரியா குடியேறும் என்பதால் மென்மையான துணியால் துடைத்தோம். சாம்பல் அங்கே உதவாது.

தண்ணீரின் ருசி பற்றியும் அவருக்குச் சந்தேகம். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டுகிறது, எங்கள் அன்னூர் ஆழ்குழாய்த் தண்ணீர் அடுப்புப் பாத்திரத்தில் கட்டுவது போல. கோயமுத்தூர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்ளும் சிறுவாணித் தண்ணீர் இதற்கு நேர் எதிர். ஐரோப்பாவிலும் அப்படித்தான் ஊருக்கு ஊர் பீர் பிறந்திருக்கிறது: பில்சன் நகரின் மென்தண்ணீருக்கு வெளிர் பீர், லண்டனின் சுண்ணாம்புத் தண்ணீருக்குக் கறுப்பு பீர். ஆனால் கிட்டில் இந்தக் கவலை பாதிதான். தானியத்தை ஊறவைத்துச் சாறெடுக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது, அந்த ஊர்த் தண்ணீரின் உப்புகள் பாகோடு டப்பாவுக்குள் வந்துவிடுகின்றன. குளோரினை மட்டும் போக்கினால் போதும்.

அடுத்தது சூடு. கோடை மாதம், வாளியை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்திருந்தார். அறையில் 24 டிகிரி என்றால் வாளிக்குள் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கும், ஏனென்றால் பொங்குதலே சூட்டை உண்டாக்கும். சூட்டில் ஈஸ்ட் அவசரப்படும். அவசரத்தில் பழவாடையும் உறைப்பும் வரும். இந்தவகை பீருக்கு 18-லிருந்து 20 டிகிரி வரை சரி. குளிர்பதனப் பெட்டி வேண்டியதில்லை. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஒரு பழைய பருத்தி வேட்டியை நனைத்துச் சுற்றி, வேட்டியின் நுனி தண்ணீரில் தோயும்படி விட்டேன். துணி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காற்று அதை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும், வாளி குளிரும். சாளைத் திண்ணையில் ஈரத்துணி சுற்றின மண்பானையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? மருமகன் இதைப் படமெடுத்துத் தன் நண்பர்களுக்கு அனுப்பினார்.

மூன்றாவது, சர்க்கரை. டப்பாக்காரன் ஒரு கிலோ சர்க்கரை போடச் சொல்வது நம் செலவைக் குறைக்க. வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். போதை மிஞ்சும், உடம்பு மிஞ்சாது. அந்தத் தண்ணீர்த்தன்மை அதனால்தான். அதற்குப் பதில் ஒரு கிலோ உலர்ந்த மால்ட் பொடி போட்டோம். அளவையும் 23 லிட்டரிலிருந்து 20 ஆகக் குறைத்தோம். மூடிக்கடியில் இருந்த ஈஸ்ட் எத்தனை மாதம் கடை அலமாரியில் வெந்ததோ. அதைத் தள்ளிவிட்டுப் புதிய 11 கிராம் பொட்டலம் வாங்கினோம். ஈஸ்ட்டைத் தூவுமுன் பாகுத் தண்ணீரை நன்றாக அடித்துக் காற்றேற்றினோம். பொங்கின பிறகு காற்றுப் படாமல் காத்தோம். முதலில் காற்று உணவு, பிறகு அதுவே பகை.

நான்காவது, பொறுமை. ஆறாம் நாள் குமிழி நின்றதும் முடிந்துவிட்டது என்று மருமகன் நினைத்ததுதான் பச்சை ஆப்பிள் வாசனைக்குக் காரணம். பாதி வழியில் ஈஸ்ட் வெளியே விடும் அசெட்டால்டிஹைட் அது. நேரம் கொடுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துச் சுத்தம் செய்துவிடும். குமிழியை நம்பக் கூடாது, ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பால் சொசைட்டியில் எங்களூர்க் கவுண்டிச்சிகளைத் திருடிகளாக்கிய அதே பால்மானிதான், வேறு எண்களோடு. தொடக்கத்தில் 1.044 காட்டியது. பதினோராம் நாள் 1.011. இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம், அதே 1.011. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் சாராயச் சத்து நூற்றுக்கு நாலே கால் பங்குக்குச் சற்று மேல். நல்ல கள்ளிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். முழுதாகப் பதினான்கு நாள் விட்டு, லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தோம். இந்த ஆறு கிராம்தான் நுரைக்கு. எண் நிலைக்கும் முன் அடைத்தாலும், சர்க்கரையைத் தாராளமாகப் போட்டாலும் புட்டி வெடிக்கும்.

இவ்வளவும் நடந்தது ஒரு குடியிருப்பு வீட்டின் பின்கட்டில், பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. இங்கிலாந்தில் வீட்டில் பீர் போட 1880-லிருந்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963-ல் அதை எடுத்துவிட்டார்கள். விற்காத வரை யாரும் கேட்க மாட்டார்கள். இதே வாளியை அன்னூரில் வைத்தால் குற்றம். எனக்கு இது வேட்டி சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, கை நின்றுவிட்டது. மருமகன் 'என்னங்க மாமா?' என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கின் கதை வாசகர்களுக்குத் தெரியும். 1921-ல் ஈ.வெ.ரா. காங்கிரஸ்காரராகத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் ஆரம்பித்தார். 1971-ல் விலக்குத் தளர்ந்தது, 1973-ல் கள்ளுக்கடைகளும் 1974-ல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981-ல் மறுபடியும் திறந்தன. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடியும் கள் கிடையாது. அது இன்றுவரை நீடிக்கிறது. இடையில் 1983-ல் அரசே மொத்த வியாபாரத்துக்கு ஒரு ஸ்தாபனம் வைத்தது, 2003-ல் சில்லறை வியாபாரத்தையும் எடுத்துக்கொண்டது. ஆக, தொழிற்சாலையில் அடைத்த பீர் அரசாங்கக் கடையில் கிடைக்கும், வேலியோரத்துப் பனையில் இறங்குவது கூடாது. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை பலகை தொங்குகிறது. கள் உணவு, அதைத் தடுப்பது அநியாயம் என்று கொங்குப் பகுதியிலிருந்தே செ. நல்லசாமியின் கள் இயக்கம் பல வருஷங்களாக வாதாடி வருகிறது. 2017-ல் தென்னைக்கு மட்டும், புளிக்காத நீரா இறக்க அரசு அனுமதி தந்தது.

கள்ளை நான் புனிதமாக்கவில்லை. சாயங்காலம் கள்ளுக்கடையிலிருந்து வரும் புருஷனுக்காக விளக்கைத் தணித்துவிட்டுக் காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு விலக்கு ஒரு மூச்சு விடுகிற இடம். மரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்தவர்களையும் தெரியும். என் கேள்வி வேறு. விலக்கு வந்தபோது யார் எதை இழந்தார்கள், யார் எதையும் இழக்கவில்லை என்பது.

1988-ன் பங்குனி. எனக்கு இருபத்தாறு வயது, உத்தியோகத்துக்கு வந்து இரண்டு வருஷம். லீவில் தோட்டத்துக்கு வந்திருந்தேன். எங்கள் பனைகளில் ஏழெட்டுக் கலயங்கள் தெளுவுக்குத் தொங்கின. தெற்கு மூலையில் இரண்டு மட்டும் சுண்ணாம்பு இல்லாமல் தொங்கின. அந்த இரண்டும் யாருக்கு? எங்கள் அப்பாவுக்கு. அப்பாவின் சிநேகிதர்களுக்கு. அந்த லீவில் எனக்கும். நானே அதற்கு முந்தின நாள் அவரிடம், 'நாளைக்கு என் ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேரு வர்றாங்க, சேத்து எறக்கு' என்று சொல்லியிருந்தேன். அந்த நண்பர்கள் இருவரும் எழுதுகிறவர்கள். இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதினவர்கள். மண், வேர், மரபு என்று ராத்திரி முழுக்கப் பேசுகிறவர்கள். நானும்தான்.

காலையில் ஜீப் வந்தது. கலயங்களை இறக்கச் சொன்னார்கள். மோந்து பார்த்தார்கள். இரண்டைக் களத்தில் போட்டு உடைத்தார்கள். 'மரம் யாருது?' என்று கேட்டார்கள். அப்பா சொன்னார்: 'மரம் எங்களுதுங்க. தெளுவுக்குத்தான் உட்டிருக்கறன். இவன் திருட்டுத்தனமா என்ன பண்ணுறான்னு எனக்கெப்படிங்க தெரியும்?'

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. இடைக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, அரிவாள் பெட்டியோடு சாளைத் திண்ணையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் திண்ணையில்தான் நின்றிருந்தேன். என் நண்பர்களும் நின்றிருந்தார்கள். மூன்று பட்டதாரிகள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினைந்து நாள் உள்ளே இருந்தார். எங்களைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவருக்கு ஒன்றும் குறைந்திருக்காது, கொடுக்கவில்லை. வெளியே வந்தபின் அவர் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. ஒரு மில்லில் இரவுக் காவல் என்று கேள்விப்பட்டேன். அரிவாள் பெட்டி ஆறு மாதம் திண்ணையிலேயே இருந்தது, பிறகு ஒரு நாள் அவர் மகன் வந்து எடுத்துப் போனான். அப்போதும் நான் ஊரில் இருந்தேன். 'அப்பா எப்படி இருக்கறாரு?' என்று கேட்டிருக்கலாம்.

ஏறுவதற்கு ஆளில்லாமல் போன பனைகளை அப்பா செங்கல் சூளைக்கு விற்றார். வேலி நெடுக அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. 2021-ல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அப்போது எங்கள் வேலியில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற சிலருக்கு இது எதற்கு இங்கே என்று தோன்றலாம். எண்பதுகளில் நாங்கள் எழுதிய கவிதைகள் எனக்கு இப்போது கிட்டில் போட்ட பீராகத் தெரிகின்றன. ஐரோப்பாவில் எங்கோ ஊறவைத்துச் சாறெடுத்துச் சுண்டின பாகு. டப்பாவைத் திறந்து நம்மூர்த் தண்ணீர் விட்டு, தாளில் சொன்னபடி நிறையச் சர்க்கரை. ஆறாம் நாள் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவோம். பச்சை வாசனை போகுமுன் அச்சில் வந்துவிடும். விமர்சகர்கள் டப்பா சரியில்லை, வேறு கம்பெனி வாங்கு என்றார்கள். சார்த்ரை விட்டு நெரூதாவுக்குப் போனோம், நெரூதாவை விட்டு போர்ஹெஸுக்கு. டப்பாக்களில் தப்பில்லை. அவற்றில் சில உன்னதமானவை. வாளியை யாரும் கழுவவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக, மேல்நாட்டு டப்பாவை எறி, உன் சொந்தக் கலயத்துக்குத் திரும்பு என்று ஒரு கட்சி எழுந்தது. அதிலும் இருந்தேன். சங்கப் பாடல்களில் மூங்கில் குழாயில் முதிர வைத்த தேறல் வருகிறது, அதியமானோடு ஔவை கள்ளுண்டதாக வருகிறது. நாங்கள் அந்த வம்சம் என்று பேசினோம். ஆனால் கலயம் எங்களுடையதா? மரம் எங்களுடையது, அதாவது பட்டா எங்கள் பேரில். கலயமும், அதைக் கழுவுகிற விதமும், எந்த வண்டலை வைப்பது எதை எறிவது என்ற தெரிவும் அவருடையவை. நாங்கள் குடித்தோம். குடித்ததை மரபு என்று எழுதினோம். மரபு ஜீப்பில் ஏறியபோது திண்ணையில் நின்றோம். கிட்டைப் பார்த்துக் கேலி செய்ய எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. கிட்டிலாவது விலை கொடுத்து வாங்கினேன் என்ற நேர்மை இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது எல்லாம் பார்த்ததால் தெரிந்தது. செய்ததில்லை. ஒரு கலயமும் என் கையால் கழுவினதில்லை. லண்டனில் அந்த வாளிதான் நான் முதன்முதலில் கழுவின கலயம், அறுபது வயதுக்கு மேல்.

புட்டிகளை இரண்டு வாரம் அறைச் சூட்டிலும் ஒரு வாரம் குளிரிலும் வைத்துவிட்டுத் திறந்தோம். 'உஸ்' என்று காற்று வந்தது. நுரை வெள்ளையாக எழும்பி நின்றது. பச்சை ஆப்பிள் இல்லை. கட்டுத்துணி இல்லை. ரொட்டி மேல்தோலின் வாசனை, பின்னால் ஹாப்ஸின் லேசான கசப்பு. மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, 'அப்பா, இது கடை பீரு மாதிரியே இருக்குதுப்பா' என்றாள். நல்ல பீர்தான். மகா பீர் அல்ல. கிட்டிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. மருமகன் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்: 20 லிட்டர், 19 டிகிரி, 14 நாள், லிட்டருக்கு 6 கிராம். 'இதெல்லாம் எங்கீங்க மாமா கத்துக்கிட்டீங்க?' என்று கேட்டார்.

கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இது தெரியாதா என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்பா அன்று களத்தில் சொன்ன வாக்கியமும் இதே போலச் சுலபமாகத்தான் வந்திருக்கும்.

சொன்னேன். பனை, கலயம், சுண்ணாம்பு, ஜீப், திண்ணை எல்லாம். அவர் பெயரையும் சொன்னேன். இங்கே எழுதவில்லை, அவர் குடும்பம் அங்கே இருக்கிறது. மகளுக்கு அவள் தாத்தாவைப் பற்றி இது புதிது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: 'அவருக்கும் நீங்க டம்ளர்லதான் குடுப்பீங்களாப்பா?'

இல்லை. இறக்கின தெளுவில் முதல் டம்ளர் அப்பாவுக்கு, அடுத்தது எனக்கு. அவர் தள்ளிக் குந்தி, கலயத்தின் கடைசி மிச்சத்தை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பார். குடித்துவிட்டு எழுந்து கலயத்தைக் கழுவப் போவார்.

அன்று ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, காலிப் புட்டிகளையும் வாளியையும் பின்கட்டுக்கு எடுத்துப் போனேன். அடியில் ஈஸ்ட் வண்டல் ஒரு விரல் கனம் படிந்திருந்தது. அடுத்த வாளிக்கு அதில் ஒரு கை எடுத்து வைக்கலாம் என்று அவர் சொல்லியிருப்பார். சுத்தமான ஜாடி ஒன்றில் கொஞ்சம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். பிறகு குழாயைக் கழற்றி, மரையைத் துடைத்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். வழவழப்பு இருந்தது. மறுபடியும் கழுவினேன்.